வளையப் பயந்த கோல்

தூத்துக்குடியில் பெர்னிலா என்று ஒருத்தி இருந்தாள். தூண்டில் கோல் கட்டிக் கொடுப்பது அவளுக்குத் தொழில். ஒரு நாள் அவளுடைய மேசை மேல் புதுக் கோல் ஒன்று வந்து படுத்தது. கன்னங்கரேல் என்று இருந்தது. ஓர் ஆளைவிட உயரம். கைப்பிடி மட்டும்தான் போட்டிருந்தது. தூண்டில் நரம்பு ஓடுவதற்கு வளையம் இல்லை, வளையத்தைப் பிடித்து வைக்க நூல்கட்டு இல்லை.

அந்த மேசையில் இருந்த எல்லாப் பொருளும் பேசும். மனிதர்கள் காதில் விழாது, அவ்வளவுதான். ஆனால் மனிதர்கள் பேசுவது பொருள்கள் காதில் நன்றாகவே விழும். அதனால் அந்த வீட்டில் யாருக்கு விவரம் அதிகம் என்று நான் சொல்லப்போவதில்லை.

கோல் வந்ததும் வராததுமாக ஜன்னல் வழியே கொல்லைப்புறத்தைப் பார்த்தது. அங்கே பாகற்கொடி ஒன்று ஏறிப் படர்ந்திருந்தது. கொடிக்குள்ளே, மண்ணில் குத்தி நிறுத்திய ஓர் உடைந்த கோல். அதுவும் கறுப்பு. அதே கம்பெனி, அதே தடிமன். சந்தேகமே இல்லை, கூடப் பிறந்த அண்ணன்தான்.

"அண்ணே! உங்களுக்கா இந்தக் கதி?" என்று கோல் பதறியது.

"கதி என்ன கதி?" என்றது உடைந்த கோல். "ஒரு பாறை மீன் வந்தது தம்பி. கன்றுக்குட்டி கனம் இருக்கும். விட்டேனா நான்? கடைசி வரைக்கும் மல்லுக்கட்டினேன். அப்புறம்தான் உடைந்தேன்."

மேசை மேல் இருந்த சிவப்பு நூல்கண்டு களுக்கென்று சிரித்தது. "போன வாரம் அது சுறாவாக இருந்தது. அதற்கு முந்தின வாரம் ஆமை."

உடைந்த கோல் அதைக் காதில் வாங்காத மாதிரி ஒரு பாகற்காயைத் தாங்கிக்கொண்டு நின்றது.

கோலுக்கு அன்றைக்கே ஒரு பயம் பிடித்துக்கொண்டது. வளைந்தால் உடைவோம், உடைந்தால் பாகற்காய் சுமப்போம். இதைத் தவிர அதற்கு வேறு நினைப்பே இல்லை.

கோலுக்குச் சொந்தக்காரன் அன்று சாயங்காலம் வந்தான். பெயர் ரெக்ஸன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கடலோரக் கற்களின் மேல் போய் நிற்பான். போன வருசம் கொல்லையில் நிற்கிற கோலை உடைத்தவனும் அவன்தான்.

"பெர்னிலாக்கா, இந்தத் தடவ ஒடையப்படாது," என்றான், உட்காருவதற்கு முன்னாலேயே. "எல்லாவனுக்கும் முன்னால டப்புனு போச்சுக்கா. இன்னைக்கு வரைக்கும் எங்கூட தூண்டி போடுத அந்த பிரின்ஸ்டன் என்னய பேரச் சொல்லிக் கூப்புடுதது இல்ல. குச்சி, குச்சினுதான் கூப்புடுதான்."

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்?"

"பிடிக்கு மேலருந்து பாதிக் கோலு வரைக்கும் நூலச் சுத்திருங்க. நல்ல செவப்பு. கட்டங் கட்டமா, வைரம் வச்ச மாரி. பாக்கவும் ஜோரா இருக்கும். கோலும் வளையாது."

பெர்னிலா தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "தூண்டிக் கோலுன்னா வளையத்தான் செய்யணும் ரெக்ஸன்."

"நான் கிரேன் ஓட்டுதவன்க்கா. தூக்குத கை வளஞ்சா கத முடிஞ்சிது. கனத்தப் பத்தி எனக்கா சொல்லித் தாரிய?"

"வளையம் எப்படி வைக்கணும்?"

"சம அளவு. டேப்ப வச்சு அளந்து, ஒண்ணுக்கொண்ணு ஒரே இடவெளி. அப்பந்தான் பாக்க லெச்சணமா இருக்கும்."

ரெக்ஸன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"வீட்டுல ஷீபாட்ட மாதா மேல சத்தியம் பண்ணிட்டேன்க்கா. இதும் ஒடஞ்சா இனி தூண்டியவே தொடமாட்டேன்னு. அவ சிரிக்கா. மொதல்ல மீனப் பிடிங்க, பெறவு புளிய ஊறப் போடுதேன்னு சொல்லுதா. ஆறு நாளும் அந்த இரும்புக் கூண்டுக்குள்ள ஒத்தையில ஒக்காந்திருக்கேன். எனக்குன்னு இருக்கது இந்த ஒண்ணுதான்."

மேசை மேல் படுத்திருந்த கோலும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. தான் உடைந்தால் தனக்கு மட்டும் கேடு என்று அது நினைத்திருந்தது. இப்போது இவனுடைய ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்து போகுமாம்.

பெர்னிலா சிவப்பு நூல்கண்டைக் கையில் எடுத்தாள். பிறகு சொன்னாள்: "நீ சொன்ன மாரியே சுத்தி வைக்கேன். ஆனா பிசின் பூச மாட்டேன். பிசினு காஞ்சா நூலு கல்லா போயிரும், பெறவு கத்திய வச்சுச் செரண்டித்தான் எடுக்கணும். நாளைக்கி நீ வந்து நில்லு. பளுவக் கெட்டித் தொங்கவிட்டுப் பாப்போம். அது முடிஞ்சுதான் பிசினு."

"பாத்துக்கிடுங்க. எனக்கு ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு ரெக்ஸன் போனான்.

அவன் போனதும் பெர்னிலா கோலை எடுத்து, நுனியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மேசை விளிம்பில் மெதுவாக உருட்டினாள். கோல் உருண்டது. ஓர் இடத்தில் வந்ததும் சட்டென்று துள்ளித் திரும்பியது. எந்தக் கோலுக்கும் ஒரு பக்கம் பிடிவாதம் இருக்கும். அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் வளையம் வைத்தால் மீன் இழுக்கும்போது கோல் கைக்குள்ளே முறுக்கிக்கொள்ளும். பெர்னிலா அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டாள்.

"கூசுகிறது," என்றது கோல்.

"கூசட்டும்," என்றது சிவப்பு நூல். "இனிமேல் நான் வந்து கட்டிக்கொண்டால் கூச்சம், நடுக்கம், வளைவு எதுவும் உனக்கு வராது. நான் யார் தெரியுமா? இந்தக் கடையில் என்னைக் கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள்."

"நிஜமாகவா? நீ கட்டினால் நான் வளையமாட்டேனா?"

"நான் இருக்கிற இடத்தில் வளைந்துவிடு பார்க்கலாம்."

கோலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "அப்படியென்றால் இறுக்கிக் கட்டு. இன்னும் இறுக்கிக் கட்டு."

பெர்னிலா கோலைச் சுழல விட்டு நூலைச் சுற்றினாள். முதலில் அடிச்சுற்று. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக இன்னொரு சுற்று. நூலும் நூலும் வெட்டிக்கொள்ளும் இடங்களில் வைரம் வைரமாகக் கட்டங்கள் எழுந்து வந்தன. பிடிக்கு மேலே தொடங்கிப் பாதிக் கோல் வரைக்கும் போய் நின்றது சிவப்பு. எதிரே இருந்த பீரோக் கண்ணாடியில் கோல் தன்னைப் பார்த்தது. மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதில் பொய் சொல்ல ஒன்றும் இல்லை, உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

அடுத்து வளையங்கள் வந்தன. பிடிக்குப் பக்கத்தில் பெரிய வளையம், அதற்கப்புறம் ஒன்றைவிட ஒன்று சிறியதாக, நுனி வரைக்கும். பெர்னிலா டேப்பை வைத்து அளந்து, சம இடைவெளி விட்டு, ஒட்டுத்தாளால் தற்காலிகமாக ஒட்டினாள்.

"இதுதான் நியாயம்," என்றது பெரிய வளையம். "பெரியவன் சின்னவன் பேதம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவு இடம். யாரும் யாரையும் இடிக்கக்கூடாது."

சின்ன வளையங்களுக்கும் அது பிடித்திருந்தது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

"எப்படி இருக்கிறேன் அண்ணே?" என்று கோல் ஜன்னலைப் பார்த்துக் கேட்டது.

வழக்கமாக வாய் ஓயாத உடைந்த கோல் அந்தச் சிவப்புக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தது. "நன்றாக இருக்கிறாய்," என்று மட்டும் சொன்னது.

மறுநாள் ரெக்ஸன் வேலை முடிந்த கையோடு வந்தான். கோலைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று. "யக்கா! இதக் கொண்டுபோயி பிரின்ஸ்டன் மூஞ்சிக்கு நேரா ஆட்டணும்."

"பொறு," என்றாள் பெர்னிலா.

கோலின் பிடியை மேசையோடு சேர்த்து இறுக்கினாள். பிடியில் ஒரு ரீலை மாட்டி, அதிலிருந்து நரம்பை இழுத்து, எல்லா வளையங்களுக்குள்ளும் விட்டு, நுனியில் ஒரு காலிப் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு ஒரு சொம்பால் பாட்டிலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

நுனி குனிந்தது. சிவப்புக் கட்டியிருந்த பாதி அசையவில்லை.

"பார்த்தாயா!" என்றது நூல்.

"பாத்தியளா!" என்றான் ரெக்ஸன். "நடுவுல வளையவே இல்ல!"

இரண்டும் ஒரே நேரத்தில் சொன்னாலும் பெர்னிலாவின் காதில் ஒன்றுதான் விழுந்தது. அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள்.

கோல் முனகத் தொடங்கியது. "நூலே, வலிக்கிறது."

"எங்கே? நான் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லையே."

"நீ இருக்கிற இடத்தில் இல்லை. நீ முடிகிற இடத்தில்."

சிவப்பு நின்ற விளிம்பு இருந்ததே, அந்த ஒரே இடத்தில் கோல் முழங்கை மாதிரி மடங்கிக்கொண்டிருந்தது. பாதிக் கோல் கனத்தை வாங்க மாட்டேன் என்று விறைத்து நிற்க, மிச்சக் கோலின் பாடு முழுவதும் அந்த விளிம்பில் வந்து விழுந்தது. வளையங்களின் பாடோ அதைவிட மோசம். நுனிப் பக்கத்து வளைவுக்கு அந்தச் சம இடைவெளி அகலமாகிப்போனதால் நரம்பு வளைவோடு வராமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போய், இரண்டு வளையத்துக்கு நடுவில் கோலின் மேலேயே உரசியது.

"அய்யோ, நான் ஒருத்தன் எவ்வளவு கனத்தைத் தாங்குவது?" என்று நுனிக்கு அடுத்த சின்ன வளையம் கத்தியது. "பக்கத்தில் யாராவது வாருங்களேன்!"

"அவரவர் இடத்தை விட்டு நகரக்கூடாது," என்றது பெரிய வளையம். அதன் மேல் கனமே இறங்கவில்லை. நியாயம் பேச அதற்கு நேரம் இருந்தது.

கோலுக்குள் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பெர்னிலா உடனே பாட்டிலைக் கையில் தாங்கிக் கொண்டாள். ரெக்ஸனின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"நடுவுல வளையலன்னு சொன்ன. எங்கன வளையுதுன்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"எந்திரி. எங்கூட வா."

அவனைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். பாகற்கொடியைக் கையால் ஒதுக்கினாள். இலைகளுக்கு நடுவே உடைந்த கோலின் மேல் முனை தெரிந்தது. அதன் கழுத்து வரைக்கும் நீல நூல் சுற்றியிருந்தது, சுற்றின் மேல் கெட்டியாகப் பசை. நீலம் எங்கே முடிந்ததோ அங்கேதான், அச்சு வைத்தாற்போல, கோல் முறிந்திருந்தது.

ரெக்ஸன் அந்த நூலைத் தொட்டுப் பார்த்தான். "இது நான் கெட்டுனதுக்கா. போன வருசம். ஒறுதியா இருக்கட்டுமேன்னு வீட்டுல வச்சு நானே சுத்திப் பசைய ஊத்துனேன்."

"தெரியும்."

"நேத்தே சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா கேட்டிருப்பியா நீ? கிரேன் ஓட்டுதவன்."

அவனுக்கு ரோசமாகத்தான் இருந்தது. ஆனால் சிரித்துவிட்டான். "அப்ப மீனு ஒண்ணும் ஒடைக்கலையா?"

"மீனு எவ்ளோ பெருசு?"

"ரெண்டு கிலோ இருந்தா அதிகம்."

உடைந்த கோல் இலைகளுக்குள் ஒளிந்துகொள்ளப் பார்த்தது. கன்றுக்குட்டி, சுறா, ஆமை எல்லாம் அந்த இரண்டு கிலோவுக்குள் அடங்கிப்போய்விட்டன. உள்ளே மேசை மேல் இருந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்கு அண்ணன் மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

பெர்னிலா உள்ளே வந்து நூலின் முனையைத் தேடிப் பிடித்தாள். இழுத்தாள். வைரக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன.

"வேண்டாம்!" என்று கத்தியது நூல். "இதைச் சுற்ற அவள் எவ்வளவு பாடுபட்டாள்! கடையிலேயே நான்தான் அழகு!"

"வேண்டாம்!" என்று கோலும் கத்தியது. உண்மை தெரிந்த பிறகும் அதற்குப் பயம் போகவில்லை. பயம் அப்படி ஒரே நாளில் போகிற சாமானும் இல்லை. "என்னை வெறுமனே விட்டால் நான் முழுக்க வளைந்துவிடுவேன்!"

பெர்னிலா கடைசிச் சுற்றையும் அவிழ்த்தாள். சிவப்பு நூல் தரையில் சிடுக்காகக் கிடந்தது. கோல் மறுபடியும் கன்னங்கரேல் என்று ஆனது.

மறுபடி பாட்டிலைத் தொங்கவிட்டாள். இந்த முறை கோல் எங்கே வளைகிறதோ அந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து வளையங்களை நகர்த்தினாள். நுனிப் பக்கம் வளைவு அதிகம்; அங்கே வளையங்களை நெருக்கி வைத்தாள். பிடிப் பக்கம் வளைவு குறைவு. அங்கே இடைவெளியை அகலமாக விட்டாள். அப்படியும் நரம்பு ஓர் இடத்தில் கோலைத் தொட்டது. அவள் டப்பாவில் துழாவி, உபரியாகக் கிடந்த வளையம் ஒன்றை எடுத்து அங்கே வைத்தாள்.

"இது என்ன அநியாயம்?" என்றது பெரிய வளையம். "எனக்குப் பக்கத்தில் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே அவர்கள் எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போதாததற்குப் புதிதாக ஒருத்தன் வேறு!"

"நெருக்கமாகத்தான் இருக்கிறது," என்றது நுனிக்கு அடுத்த சின்ன வளையம். "ஆனால் முன்னே மாதிரி கழுத்தை அறுக்கவில்லை. நீங்கள் அங்கேயே இருங்கள் அண்ணாச்சி. கனம் வருகிற இடத்துக்குத்தான் ஆள் வேண்டும்."

பெர்னிலா முதல் தடவையைவிட அதிகமாகத் தண்ணீர் ஊற்றினாள். கோல் குனிந்தது. நுனி குனிந்து, இடுப்பு குனிந்து, பிடிக்குப் பக்கம் வரைக்கும் குனிந்தது. எங்கேயும் மூலை விழவில்லை. நரம்பு வளைவோடு வளைவாக ஓடியது.

"வலிக்கிறதா?" என்று தரையில் கிடந்த நூல் கேட்டது. அதன் குரலில் முன்பிருந்த மிடுக்கு இல்லை.

கோல் கொஞ்ச நேரம் தன்னைத் தானே சோதித்துப் பார்த்தது. "வலிக்கிறது," என்றது. "ஆனால் எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம்."

பெர்னிலா பாட்டிலை அவிழ்த்தாள். கோல் விர்ரென்று நிமிர்ந்து நேராக நின்றது. வளைந்த பிறகும் நிமிர முடியும் என்பது அதற்கு அப்போதுதான் தெரிந்தது. மேசைக்குப் பக்கத்தில் நின்ற ரெக்ஸனுக்கும் ஏறக்குறைய அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"அப்ப அந்த செவப்பு?" என்று அவன் ஆசையாகக் கேட்டான்.

"வைக்கேன். வளையாத எடத்துல வைக்கேன்."

அவள் தரையில் கிடந்த நூலை எடுத்துச் சிடுக்கு நீக்கினாள். முதலில் வளையங்களின் கால்களை ஒவ்வொன்றாகக் கோலோடு சேர்த்துச் சுற்றினாள். அங்கே கட்டமும் இல்லை, கோலமும் இல்லை. அடுத்தடுத்து நெருக்கமான வெறும் சுற்று. மிச்சம் இருந்த நூலால் பிடிக்கு ஒட்டினாற்போல, விரல் நீளத்துக்கு, வைரக் கட்டம் போட்டாள்.

"நான் இவ்வளவுதானா?" என்றது நூல். "மிச்சம் எல்லாம் வளையத்தின் காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கவேண்டுமா?"

"அதுதான் உன் நல்ல காலம்," என்றது பிசின். அது அப்போதுதான் தூரிகையோடு வந்து சேர்ந்தது. பேச்சில் அதற்கு இனிப்புக் கிடையாது. "நான் பட்டதும் உன் நிறம் கறுத்துவிடும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அப்புறம் அழக்கூடாது."

"நிறமும் போய்விடுமா?"

"கொஞ்சம் போகும். பிடி போகாது. எது வேண்டும், சொல்."

பிசின் அதன் மேல் இறங்கியது. தக்காளிச் சிவப்பாக இருந்த நூல் மாதுளைத் தோல் மாதிரி அடர்ந்து கறுத்தது. விடிய விடியக் கோல் ஒரு சிறு மோட்டாரில் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க, பிசின் காய்ந்து கண்ணாடியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை வந்தது.

துறைமுகத்துக்கு வடக்கே அலையைத் தடுக்கக் கல் கொட்டிய கரை இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால் அங்கே தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். ரெக்ஸன் வந்ததைப் பார்த்ததும் பிரின்ஸ்டன் கையைத் தட்டினான்.

"ஏல, குச்சி வந்துட்டான்! எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா. ஒடஞ்சு கண்ணுல தெறிச்சிரும்!"

ரெக்ஸன் காதில் வாங்காமல் இரைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் மீனை நரம்பில் கட்டினான். வீசினான். வளையங்களுக்குள் நரம்பு சத்தமில்லாமல் ஓடி, கடலுக்குள் வெகுதூரம் போய் விழுந்தது. சுற்றினான், வீசினான், சுற்றினான். ஒன்றும் இல்லை. பிரின்ஸ்டன் ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்புறம் வந்தது.

முதலில் ஒரு தட்டு. அடுத்த நொடி, யாரோ கடலுக்குள்ளிருந்து கயிறு கட்டி இழுத்த மாதிரி இழுப்பு. ரீல் கிர்ரென்று அலறியது. கோலின் நுனி தண்ணீரைப் பார்த்துச் சாய்ந்தது.

கோலுக்குப் பழைய பயம் அப்படியே எழுந்து வந்தது. பாகற்கொடி கண் முன்னால் ஆடியது. விறைத்து நின்றுவிடலாம் என்று அது முறுக்கிக்கொண்டது.

"நூலே! என்னைப் பிடித்துக்கொள்! வளைய விடாதே!"

"வளைய விடாமல் இருக்க என்னால் ஆகாது," என்றது நூல். வளையங்களின் காலடியில், கறுத்த சிவப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு அது பிடித்திருந்தது. "அன்றைக்கு உன்னிடம் நான் அளந்தது வெறும் வாய்ப்பேச்சு. இந்த வளையங்களை நகர விடமாட்டேன், அது என் பொறுப்பு. வளைவது உன் பொறுப்பு. வளை!"

"உடைந்தால்?"

"எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் என்று நீதானே சொன்னாய்? வளை!"

மேலே ரெக்ஸனும் அதே தவிப்பில்தான் இருந்தான். அவன் கை கோலை நிமிர்த்திப் பிடித்து, மீனை வம்படியாக இழுக்கத் துடித்தது. ஆறு நாளும் கிரேன் ஓட்டிய கை அல்லவா. ஆனால் பாகற்கொடிக்குள் பார்த்த நீல நூலும் அவன் கண்ணுக்குள் நின்றது. அவன் மூச்சை விட்டான். கையைத் தளர்த்தினான். கோலை அதன் போக்கில் விட்டான்.

கோல் வளைந்தது.

நுனி போயிற்று, இடுப்பு போயிற்று, வைரக் கட்டத்தின் வாசல் வரைக்கும் வந்து நின்றது வளைவு. ஒவ்வொரு வளையமும் தன் பங்கைத் தோளில் வாங்கிக்கொண்டது. இதுவரைக்கும் கனம் என்றால் என்னவென்று அறியாத பெரிய வளையம்கூட, "வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது!" என்று பெருமையாகக் கத்தியது. மீன் கல்லுக்கடியில் ஓடப் பார்த்தது. கோல் கூடவே போயிற்று. மீன் நின்றது, கோல் நிமிர்ந்து அதை ஒரு முழம் இழுத்தது. மீன் மறுபடி ஓடியது. கோல் மறுபடி குனிந்தது. குனிந்ததெல்லாம் தோற்பதற்கு அல்ல என்று மீனுக்குப் புரிந்தபோது அது களைத்துவிட்டிருந்தது.

வரிசையில் நின்றவர்கள் தங்கள் தூண்டிலைச் சுற்றி எடுத்துவிட்டுப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். கல்லில் இறங்கி வலைக்கரண்டியை நீட்டி மீனை அள்ளிக் கொடுத்தவன் வேறு யாருமில்லை, பிரின்ஸ்டன்தான். வெள்ளி வெள்ளியாக மின்னும் பெரிய பாறை மீன். தூக்கும்போது அவனுக்கே மூச்சு வாங்கியது.

"ஏ ரெக்ஸன்," என்றான். பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். "இம்புட்டு வளையுது, ஒடையலையே. யாருட்டல கெட்டுன?"

"பெர்னிலாக்காட்ட."

"இந்த செவப்புக் கட்டம் அம்சமா இருக்குல."

பிரின்ஸ்டன் பிடிக்கு மேலே இருந்த வைரங்களை விரலால் தடவிப் பார்த்தான். எல்லாரும் அதையே பார்த்தார்கள். வளையங்களின் காலடியில் இருந்த நூலை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்கு இப்போது அது ஒரு பொருட்டாகவும் இல்லை. மேலே மினுக்குவதும் தானே, கீழே பிடித்திருப்பதும் தானே என்று அது இரண்டு இடத்திலும் கர்வமாக இருந்தது.

ரெக்ஸன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு போனை எடுத்தான்.

"ஷீபா," என்றான். "புளிய ஊறப் போடு."

வீட்டுக்குப் போகிற வழியில் மீனில் பாதியைப் பெர்னிலாவிடம் கொடுக்க நின்றான். அவள் அரிவாள்மணையை எடுத்து வர உள்ளே போனாள். ரெக்ஸன் கோலைக் கொல்லைப்புறச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, மீனைக் கழுவப் போனான். உப்பு காய்ந்து வெளுத்த உடம்போடு தம்பி நின்றது. எதிரே, பாகற்கொடிக்குள், அண்ணன்.

உடைந்த கோலை ஆசை விடவில்லை.

"தம்பி, மீன் எவ்வளவு பெரிது?"

"மீனை விடுங்கள் அண்ணே," என்றது கோல். "நான் எவ்வளவு வளைந்தேன் என்று கேளுங்கள்."